அத்தைக்கு நீச்சல் டிரெஸ் வாங்கப் போனோம்: டெகாத்லான் பத்தி ஒரு ரிவ்யூ

எங்க அத்தைக்கு 61 வயசுங்க. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, ரோட்டுல நடந்தா வலி தாங்க முடியல, அதனால தண்ணிக்குள்ள நடங்க, முடிஞ்சா நீச்சல் கத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல நாங்க எல்லாரும் உடனே சரின்னுட்டோம், அத்தை மட்டும் மூணு வாரமா அந்தப் பேச்சே எடுக்கல. அப்பறம் ஒருநாள் சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருக்கறப்ப தலையத் தூக்காமயே கேட்டாங்க, "ஏன் கண்ணு, அதுக்குப் போட்டுக்கறதுக்கு உடம்ப முழுசா மூடற மாதிரி ஏதாச்சும் இருக்குமா"ன்னு. கல்யாணத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் சேலையத் தவிர வேற ஒண்ணும் உடுத்தாதவங்க. இத்தன நாளா அவங்களத் தடுத்து வெச்சிருந்தது ஒரு துணின்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

மொதல்ல ஒரு மால்ல இருக்கற பெரிய ஸ்போர்ட்ஸ் ஷோரூமுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன், எந்தக் கடைன்னு சொல்ல விரும்பல. அங்க இருந்த பையன் அத்தைய ஒரு பார்வ பாத்துட்டு "அம்மாவுக்கா மேடம்? அவங்களுக்கெல்லாம் இங்க எதுவும் செட் ஆகாதுங்க"ன்னான். குரல்ல மரியாதை இருந்துச்சு, ஆனா கேட்டதுக்கு ஒரு பொருளக்கூட எடுத்துக் காட்டல. அத்தை முந்தானையை இழுத்துத் தோள மூடிக்கிட்டு வெளிய போயி எஸ்கலேட்டர் பக்கத்துல நின்னுட்டாங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் கார்ல ஒரு பேச்சில்ல.

அடுத்த ஞாயித்துக்கெழமை கோயம்புத்தூர்ல இருக்கற டெகாத்லான்ங்கற ஸ்போர்ட்ஸ் சாமான் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் அதுக்கு முன்னாடி பத்து தடவையாவது போயிருப்பேன், பையனுக்கு ஸ்கேட்டிங் ஷூ, வீட்டுக்காரருக்கு ட்ராக் பேண்ட்டுன்னு, ஆனா கடைய ஒழுங்கா கவனிச்சுப் பாத்தது அன்னைக்குத்தான், ஏன்னா அத்தை கண்ணுல பாத்தேன்.

வாசல்ல யாரும் நின்னு "என்ன வேணும்"னு கேக்கறதில்ல. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், கூச்சப்படற ஆளுக்கு இதுதான் பெரிய விஷயம். உள்ள போனா ஆம்பளைக்குத் தனி பொம்பளைக்குத் தனின்னு மொதல்ல பிரிக்காம, வெளையாட்ட வெச்சுப் பிரிச்சிருக்காங்க. நடக்கறதுக்கு ஒரு பக்கம், மலையேத்தத்துக்கு ஒரு பக்கம், சைக்கிளுக்கு, யோகாவுக்கு, பேட்மிண்டனுக்கு, நீச்சலுக்குன்னு தலைக்கு மேல போர்டு தொங்குது. நீச்சல் போர்டு பாத்து நேரா போயிட்டா அந்த வரிசையிலயே கண்ணாடி, தொப்பி, டிரெஸ், துண்டு, கொழந்தைங்க கையில மாட்டற காத்துப் பை வரைக்கும் எல்லாம் இருக்கு. முழங்கை வரைக்கும் கை வெச்சது, முழுக்கை, முட்டி வரைக்கும், கணுக்கால் வரைக்கும், மேல பாவாட மாதிரி மடிப்பு வெச்சதுன்னு அத்தனையும் ஹேங்கர்ல தொங்குது. அத்தை ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தாங்க. துணிய இழுத்துப் பாத்தாங்க, உள்ள தையல் எப்படி இருக்குன்னு திருப்பிப் பாத்தாங்க, நம்மூருக்காரங்க துணிக்கடையில பண்றது அத்தனையும் பண்ணாங்க, யாரும் வந்து எட்டிக்கூடப் பாக்கல.

அப்பறம் சைஸ்ல குழப்பம் வந்தப்ப அங்க வேல செய்யற ஒரு பொண்ணக் கூப்பிட்டேன். இருவத்திரெண்டு இருவத்தி மூணு வயசு இருக்கும். அந்தப் பொண்ணு அத்தைய மேலயும் கீழயும் பாக்கவே இல்லீங்க, நேரா மொகத்தப் பாத்து "ஆன்ட்டி நீங்க இப்பத்தான் கத்துக்கறீங்களா, சூப்பர், வீட்டுல நல்லா தொளதொளன்னு போடுவீங்கல்ல, அந்த சைஸ் வேண்டாம், ஒரு சைஸ் டைட்டா எடுங்க, தண்ணி பட்டா துணி தளரும், தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள போயி உங்கள கீழ இழுக்கும்"னு சொல்லுச்சு. ட்ரையல் ரூம்ல போட்டுட்டு கைய ரெண்டையும் மேல தூக்கிப் பாருங்க, குனிஞ்சு பாருங்க, தோள்பட்டை பிடிச்சா மட்டும் மாத்துங்கன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. இங்க வேலைக்கு எடுக்கறப்பவே என்ன வெளையாட்டு வெளையாடுவீங்கன்னு கேட்டு அந்தப் பக்கமே நிக்க வெப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், அந்தப் பொண்ணு பேசுனதுல அது தெரிஞ்சுது, விக்கறவங்க பேச்சு மாதிரி இல்ல, கூட நீந்தப் போறவங்க பேச்சு மாதிரி இருந்துச்சு.

ட்ரையல் ரூம் கதவ ஒரு விரல் அளவு தொறந்து அத்தை என்னைய உள்ள கூப்பிட்டாங்க. கருநீலக் கலர், முழுக்கை, கீழ லெக்கிங்ஸ். "வயிறு தெரியுதா"ன்னு கேட்டாங்க. இல்லீங்கத்தைன்னேன். கண்ணாடி முன்னாடி ரெண்டு கையையும் மேல தூக்கினாங்க, ஒரு தடவ, அப்பறம் இன்னொரு தடவ. அந்த எடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, இப்ப எழுதறப்பவும்தான்.

இந்த பிராண்டு ஏன் இவ்வளவு பேருக்குப் புடிக்குதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க, வெல கம்மின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. வெல கம்மிதான், ஆனா அது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பாக்கணும். பிரான்ஸ் நாட்டோட வடக்குல லில் நகரத்துப் பக்கத்துல ஆங்லோங்கற ஊர்ல 1976ல மிஷேல் லெக்லெர்க்ன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கடை இது. எல்லா வெளையாட்டுக்கும் வேண்டிய சாமான் ஒரே கூரைக்குக் கீழன்னு ஆரம்பிச்சாங்க. மொதல்ல மத்த கம்பெனி பொருளத்தான் வித்தாங்க, 1986ல இருந்து சொந்தமா தயாரிக்க ஆரம்பிச்சு, பத்து வருஷம் கழிச்சு வெளையாட்டுக்கு ஒரு பிராண்டுன்னு பிரிச்சாங்க, மலைக்குக் கெச்சுவா, தண்ணிக்கு ட்ரைபோர்டுன்னு. டிசைன் அவங்களது, தயாரிப்புக்கு ஆர்டர் குடுத்துக் கண்காணிக்கறது அவங்க, கடையும் அவங்களது. நடுவுல டிஸ்ட்ரிபியூட்டர், ஷோரூம்காரர்னு ஆளாளுக்கு எடுக்கற மார்ஜின் இல்ல. இன்னைக்கு 70 நாடுகளுக்கு மேல 1,700 கடைக்கு மேல இருக்கு, ஒரே மாதிரி பைய அத்தனை நாட்டுக்கும் சேத்து அடிச்சா ஒரு பைக்கு ஆகற செலவு எறங்கத்தானே செய்யும். கலர் நாலஞ்சுதான் இருக்கும், மினுமினுப்பு இருக்காது, ஜிப்புக்கு மேல இன்னொரு அலங்கார ஜிப்பு இருக்காது. நம்ம திருப்பூர்ல இருந்தும் இவங்களுக்குத் துணி தச்சுப் போகுது, என் பையனோட டி-ஷர்ட் காலர்ல மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கறதப் பாத்து அவங்க தாத்தா, அதான் எங்கப்பா, பனியன் கம்பெனியில இருவது வருஷம் இருந்தவர், ஓவர்லாக் தையல விரலால தடவிப் பாத்துட்டு "சுத்தமா இருக்குது"ன்னார். அவர் வாயில இருந்து அந்த வார்த்த வர்றது லேசு இல்ல.

இந்தியாவுக்கு 2009ல வந்தாங்க, பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டுல மொத கடை. அப்ப நம்ம நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி முழு சொந்தமா சில்லறை வியாபாரம் பண்ண முடியாது, அதனால மொத்த வியாபாரக் கடையாத்தான் நடத்துனாங்க, 2013ல அனுமதி கெடச்சப்பறம்தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நேரடியா விக்க ஆரம்பிச்சாங்க. கிரிக்கெட்டுக்குன்னு பிரான்ஸ்காரங்களுக்கு என்ன தெரியும், அதனால ஃப்ளெக்ஸ்னு ஒரு பிராண்டே இந்தியாவுல இருந்து உருவாக்குனாங்க. அந்த அடக்கம் எனக்குப் புடிச்சுது, தெரியாதத தெரிஞ்சவங்ககிட்ட விட்டுட்டாங்க.

இன்னொண்ணு, புதுசா போறவங்களுக்கு இத யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால நான் சொல்லிடறேன். பொருள் பேருக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், 100, 500, 900ன்னு. 100ன்னா இப்பத்தான் ஆரம்பிக்கறவங்களுக்கு, எப்பவாச்சும் போடறவங்களுக்கு. 500ன்னா வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் ஒழுங்கா பண்றவங்களுக்கு. 900ன்னா விடாம பண்றவங்களுக்கு, போட்டிக்குப் போறவங்களுக்கு. இது தெரியாம நெறைய பேரு 100 நம்பர் ஷூவ வாங்கிட்டு டெய்லி அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு சோல் தேஞ்சு போச்சு, டெகாத்லான் மோசம்னு சொல்றாங்க. அந்த ஷூ அதுக்குச் செஞ்சதே இல்ல, அட்டையிலயே எவ்வளவு ஓட்டத்துக்குன்னு எழுதியிருக்கும், படிக்கணும். நீச்சல் டிரெஸ்லயும் அதேதான். வெலை கம்மியானது சாதா ஸ்ட்ரெட்ச் துணி, நீச்சல் குளத்து குளோரின்ல நாளாக நாளாக இழுவை போயிடும். கொஞ்சம் மேல போனா குளோரின தாங்கற பாலியெஸ்டர்ல வர்றது இருக்கு. அத்தைக்கு வாரம் மூணு நாள் கிளாஸ், அதனால நான் அந்த ரெண்டாவதத்தான் எடுத்தேன், வெல கூடத்தான், ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவ மாத்தறதுக்கு இது மேல்.

பைய பத்தி சொல்லாம விட்டா கோயம்புத்தூர்க்காரிக்கு அழகில்ல. அந்தப் பத்து லிட்டர் கெச்சுவா பை, நான் வாங்குனப்ப 249 ரூபாய், இன்னைக்கு ஊர்ல எங்க பாத்தாலும் அதுதான் முதுகுல தொங்குது, காலேஜ் பசங்க, பேங்க் வேலைக்குப் போறவங்க, சாப்பாடு டெலிவரி பண்றவங்க, டயாலிசிஸ்க்கு ஃபைல் எடுத்துட்டுப் போற பெரியவரு முதுகுலயும் பாத்திருக்கேன். தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போறப்ப முன்னெல்லாம் மஞ்சப்பை, இல்லைன்னா ஜவுளிக்கடை கட்டப்பை, ஒரு தோள்ல தொங்கித் தொங்கி கழுத்து வலி வரும். இப்ப பச்சை வேட்டி பச்சை சேலைக்கு மேல அந்தக் குட்டிப் பை, நெத்தியில ஒரு ஹெட்லேம்ப், ராத்திரி ரோட்டோரமா வரிசையா போறாங்க. என் தம்பி வெள்ளியங்கிரி ஏழாவது மலைக்கு வருஷா வருஷம் போறவன், அங்க ஆண்டி சுனையில முங்கி எந்திரிச்சு ஈரத்தோட மேல ஏறுனா காத்து எலும்ப குத்தும், அதுக்கு முன்னெல்லாம் ஸ்வெட்டர சுருட்டி இடுப்புல கட்டிட்டுப் போவான். இப்ப ரெயின்கட்னு இவங்க போடற மழைக் கோட்டு, மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கிடுது, அதத்தான் எடுத்துட்டுப் போறான். மூங்கில் தடிய மட்டும் மாத்தல, பூண்டியிலதான் வாங்குவான், கடையில விக்கற அலுமினியக் குச்சிய அவன் தொடறதில்ல, அது சாமி காரியம்.

இத ஏன் சொல்றேன்னா, பிரான்ஸ்ல மோன் பிளாங்க் மலை அடிவாரத்துல உக்காந்து இந்தக் கெச்சுவா சாமானெல்லாம் டிசைன் பண்றாங்க, அங்க பனியில நடக்கறவனுக்காகச் செஞ்சது நம்ம பக்தருக்கும் சரியா பொருந்துதுன்னா, செஞ்சவங்க மனுசன் முதுகையும் தோளையும் ஒழுங்கா யோசிச்சிருக்காங்கன்னு அர்த்தம். தூக்கிப் போட்டா தானா விரியற டெண்டு 2005ல கொண்டு வந்தாங்க. 2014ல மூஞ்சி முழுக்க மூடற ஈஸிபிரீத்ங்கற மாஸ்க், மூஞ்சிய தண்ணிக்குள்ள வெச்சு மேலாப்புல மெதந்துட்டே மூக்காலயே மூச்சு விடலாம், வாயில குழாய் கவ்வ வேண்டியதில்ல. 2020 மார்ச்ல கொரோனா இத்தாலிய போட்டு வதைச்சப்ப, அங்க பிரெஷியா ஊர்ல ஒரு டாக்டரும் ஒரு சின்ன கம்பெனியும் சேந்து இந்த மாஸ்க்குக்கு 3டி பிரிண்டர்ல ஒரு வால்வு செஞ்சு ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் குடுக்கற மாஸ்க்கா மாத்துனாங்க, டெகாத்லான் அதோட டிசைன் வரைபடத்தக் கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க, அப்பறம் பொது ஜனத்துக்கு விக்கறத நிறுத்தி இருக்கற ஸ்டாக்க மருத்துவத் துறைக்கு ஒதுக்குனாங்க. கடல்ல மீன் பாக்கச் செஞ்ச சாமான் மூச்சுத் திணறி கெடந்தவங்களுக்குப் போயிருக்கு. அத்தைகிட்ட அந்த மாஸ்க்க அலமாரியில காட்டி இந்தக் கதையச் சொன்னேன், எடுத்து ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாத்துட்டு பத்தரமா திருப்பி வெச்சாங்க.

நாங்க படிக்கற காலத்துல ஸ்போர்ட்ஸ் கடைன்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. கவுண்டர், அதுக்குப் பின்னாடி கண்ணாடி அலமாரி, அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர் பிரிக்காத பேட்டு. ஒண்ணக் காட்டச் சொன்னா "வாங்கறதா இருந்தா எடுக்கறேன்"னு சொல்லுவாங்க. காசு எவ்வளவு வெச்சிருக்கன்னு மொதல்லயே கேப்பாங்க. எட்டாவது படிக்கறப்ப ஷட்டில் பேட்டு வாங்கப் போயி, மூணாவது பேட்டக் கேக்கறதுக்குப் பயந்துட்டு ரெண்டாவதயே வாங்கிட்டு வந்தேன், புடி பெருசு, வருஷம் பூரா அதோட மல்லுக்கட்டுனேன். இப்ப என் பையன் இந்தக் கடைக்குள்ள போனா பந்த எடுத்துத் தட்டிப் பாக்கறான், கூடையில போடறான், சைக்கிள எடுத்து நடுவுல இருக்கற பாதையில ரெண்டு ரவுண்டு வர்றான், டெண்டுக்குள்ள படுத்துக்கறான், ஸ்கேட்டிங் ஷூவ மாட்டிட்டு என் கையப் புடிச்சுட்டு நடக்கறான், யாரும் அதட்டறதில்ல. ஏழு வயசுப் பையனுக்கு எந்த வெளையாட்டு புடிக்கும்னு அவனுக்கே தெரியாது, தொட்டுப் பாத்தாத்தான தெரியும். மூணு தடவ எதுவும் வாங்காமயே வந்திருக்கோம். நாலாவது தடவ சைக்கிள் வாங்குனோம்.

பில் போடற எடம் பசங்களுக்கு இன்னொரு வெளையாட்டு. ஒவ்வொரு பொருள்லயும் ஆர்.எஃப்.ஐ.டி.ன்னு, ரேடியோ அலை மூலமா அது என்ன பொருள்னு மெஷினுக்குச் சொல்ற குட்டி சிப் இருக்கற லேபிள் தச்சோ ஒட்டியோ இருக்கும், மொத்தத்தையும் ஒரு தொட்டியில போட்டா போதும், ஒரே செகண்டுல எல்லாம் ஸ்கிரீன்ல வந்துடும், ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ண வேண்டியதில்ல. போன் நம்பர் குடுத்தா பில் அதுலயே ஏறிடும், அப்பறம் மாத்தறதுக்குக் காகிதத்தத் தேட வேண்டியதில்ல. அத்தை ஸ்கிரீன்ல வந்த எண்ணிக்கையையும் தொட்டியில இருக்கறதையும் ரெண்டு தடவ எண்ணிப் பாத்து சரியா இருக்குன்னு சொன்னப்பறம்தான் காசு கட்ட விட்டாங்க. சைக்கிள் ரிப்பேர், ஷட்டில் பேட்டுக்கு நரம்பு மாத்தறது எல்லாம் உள்ளயே ஒரு வொர்க்‌ஷாப்புல பண்றாங்க, அதனால வாங்கிட்டுப் போனதோட உறவு முடியறதில்ல.

எல்லாமே நல்லதுன்னு சொல்லிட்டுப் போனா அது ரிவ்யூ இல்ல. ஸ்டைல் எதிர்பாத்தா இங்க போகாதீங்க. மூணு கோடு போட்ட அடிடாஸ் ஷூவையோ டிக் மார்க் போட்ட நைக்கி ஷூவையோ போட்டுட்டு காலேஜ்க்குப் போற பையனுக்கு அதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அது பொய்யான சந்தோஷம்னு நான் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி ஆசைய இந்த பிராண்டு பெருசா பூர்த்தி பண்றதில்ல. நெறைய கடைங்க ஊருக்கு வெளிய, வண்டி இல்லாதவங்க பஸ் மாத்திப் போறது செரமம், அதுவும் யாருக்கு இந்த வெல ரொம்ப தேவையோ அவங்களுக்குத்தான் வண்டி இருக்கறதில்ல, இத அவங்க யோசிக்கணும்னு நான் மனசார நெனைக்கறேன். பாதம் அகலமா இருக்கறவங்க, நம்ம ஊர்ல செருப்புப் போட்டே வளந்த கால் அப்படித்தான் இருக்கும், ஷூவ ஆன்லைன்ல ஆர்டர் பண்ணாம நேர்ல போட்டு ரெண்டு ரவுண்டு நடந்து பாத்து எடுங்க. மாரத்தான் தயாராகறவங்க அவங்களோட கிப்ரன்ங்கற மேல் ரக ஓட்ட ஷூவையும் மத்த கம்பெனி ஷூவையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க, வெலைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, நமக்கு இருக்கறது ஒரு ஜோடி முட்டிதான். 2024 மார்ச்ல லோகோவ மாத்தி, பிராண்டு பேருங்களையும் கொறச்சாங்க, ஓட்டத்துக்கு இருந்த கலெஞ்சிங்கற பேரெல்லாம் போயிடுச்சு, பழைய ஆளுங்களுக்குத் தேடறப்ப கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும்.

அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ல 45,000 தன்னார்வலர்களுக்கு யூனிஃபார்ம் இவங்கதான் செஞ்சு குடுத்தாங்க. எனக்கு அதுல ஒரு பொருத்தம் தெரிஞ்சுது. மெடல் வாங்கறவங்கள நாம டிவியில பாக்கறோம், வழி காட்டிட்டு, கேட்டுல நின்னுட்டு இருக்கறவங்க வயசானவங்க, குண்டா இருக்கறவங்க, ஒல்லியா இருக்கறவங்க, எல்லா அளவும் இருப்பாங்க, அத்தனை ஒடம்புக்கும் பொருந்தற மாதிரி தைக்கறது ஒரு வீரருக்கு ஷூ செய்யறத விட லேசான வேலை கெடையாது. எங்க அத்தைக்குத் துணி கெடச்ச கடை அந்த வேலைய எடுத்துக்கிட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அத்தை இப்ப ரெண்டு மாசமா போறாங்க. மொத வாரம் தண்ணிக்குள்ள இறங்கற கம்பிய விடல. மூணாவது வாரம் கம்பிய விட்டு நடந்தாங்க. இப்ப பலகைய நெஞ்சோட அணைச்சுட்டு காலடிச்சு பாதி குளம் வரைக்கும் போறாங்க. கூந்தல் நெறைய இருக்கறதால அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி உள்ள துணி, மேல பூச்சு இருக்கற தொப்பிதான் எடுத்தோம், சிலிக்கோன் தொப்பி முடிய புடுங்கும். டிரெஸ்ஸ கிளாஸ் முடிஞ்ச ஒடனே நல்ல தண்ணியில அலசி நெழல்ல காயப் போடறாங்க, கொடியில மத்த சேலைங்களுக்கு நடுவுல மறைச்சுத்தான் மொதல்ல போட்டாங்க, போன வாரம் பாத்தா மொட்டமாடிக் கொடியில தனியா தொங்கிட்டு இருந்துச்சு.

வர்ற சனிக்கெழம அவங்க தங்கச்சி பொள்ளாச்சியில இருந்து வர்றாங்க, அவங்களுக்கும் முட்டி வலிதான். "என் தங்கச்சி என்னைய விட ஒரு சுத்து பெருசு கண்ணு, அந்த சைஸ் எங்க தொங்குதுன்னு எனக்குத் தெரியும், நானே எடுத்துக் குடுத்துக்கறேன், நீ வண்டிய மட்டும் எடு"ன்னு சொல்லியிருக்காங்க.